மகனுக்கு அமெரிக்காவில் கல்யாணமா? முதல் நாள் இரவு விருந்துக்கு இடம் பார்க்கும் வழி

நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கென்று இடம் தேடும் வேலையே கிடையாது. மண்டபத்தை முந்தின நாள் மதியமே கையில் வாங்கிவிடுகிறோம். மாப்பிள்ளை அழைப்பும் நிச்சயதார்த்தமும் முடிந்ததும் எல்லோரும் அப்படியே பந்திக்கு இறங்கிவிடலாம். அமெரிக்காவில் கல்யாண இடம் பெரும்பாலும் சனிக்கிழமை சில மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். வெள்ளி இரவு அங்கே வேறொரு வீட்டுக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கலாம். அதனால் முதல் நாள் விருந்துக்கு இடமும் வேறு, ஏற்பாடும் வேறு. அதற்கு ரிஹர்சல் டின்னர் என்று பெயர். அந்தச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பது அங்கே பழைய வழக்கம்.

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். எங்கள் மகன் பென்சில்வேனியாக்காரப் பெண்ணை மணந்தான். நிச்சயம் ஆன சில வாரங்களில் அவன் போன் செய்து, "அம்மா, ரிஹர்சல் டின்னர் நீங்கதானே பார்த்துக்கறீங்க?" என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டேன். என்ன, எங்கே, எத்தனை பேர் என்று எதுவும் தெரியாது. அப்போது யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று என்ன நடக்கும்?

கல்யாணம் சனிக்கிழமை என்றால், வெள்ளி மாலை நாலு அல்லது ஐந்து மணிக்குக் கல்யாண இடத்திலேயே ஒத்திகை. பாதிரியாரோ, திருமணத்தை நடத்திவைக்கப் போகும் நண்பரோ, யார் முன்னால் நடந்து வர வேண்டும், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மோதிரம் யார் கையில் இருக்கும் என்று ஒரு முறை எல்லோரையும் நடக்க வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் கலந்துகொண்டவர்கள் நேராக விருந்துக்கு வருவார்கள். சாப்பாட்டுக்கு நடுவே சிலர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார்கள். மணமக்கள் தோழர், தோழிகளுக்குச் சின்னப் பரிசு கொடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு குடும்பமும் நிதானமாக முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது இந்த ஒரு இரவுதான். மறுநாள் புகைப்படக்காரர் ஒருபுறம் கூப்பிடுவார், பாட்டுச் சத்தம் ஒருபுறம் கேட்கும், நேரம் ஓடிவிடும். ஆகவே இடம் பார்க்கும்போது நான் முதலில் வைக்கும் கேள்வி இதுதான்: இந்த அறையில் ஒருவர் பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்குமா? அழகு, பெயர், ருசி எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம் திணறும். சம்பந்தி வீட்டாருக்கு நம் உச்சரிப்பு புதிது. இரைச்சலான இடத்தில் இரு தரப்பும் ஒன்றிரண்டு முறை "என்ன?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

இடம் தேடுவதற்கு முன் மகனையும் வரப்போகும் மருமகளையும் உட்கார வைத்துப் பட்டியல் எழுதுங்கள். வழக்கமாக வருபவர்கள் மணமக்கள், இரு வீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டிகள், உடன்பிறந்தவர்கள், தோழர் தோழிகள், திருமணத்தை நடத்திவைப்பவர். கல்யாணமானவர்கள் ஜோடியோடு வருவார்கள். பூத்தூவும் சிறுமியும் மோதிரம் கொண்டுவரும் சிறுவனும் இருந்தால் அவர்களுடைய அப்பா அம்மாவையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடுவது சுலபம், பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இந்தப் பட்டியல் 25 முதல் 40 பேரில் நிற்கும். சம்பந்தி வீட்டாரிடமும் அவர்கள் பக்கப் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். நாமே ஊகித்து எழுதக் கூடாது.

நமக்குச் சிக்கல் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். வெளியூரிலிருந்து வரும் உறவினரை இந்த விருந்துக்குக் கூப்பிடுவது அமெரிக்க வழக்கத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த பெரியப்பாவிடம், "இன்னிக்கு ராத்திரி நீங்களே எங்கேயாவது சாப்பிட்டுக்குங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? சிலர் 30 பேருக்கு மட்டும் விருந்து வைத்துவிட்டு, எட்டரை மணிக்குமேல் ஹோட்டல் கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பும் காபியும் கொடுக்கிறார்கள். அது அங்கே மரியாதையான ஏற்பாடுதான். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. இரண்டுக்கும் ஆகும் பணம் ஒன்றுதான் என்றால், உயர்ந்த இடத்தில் 30 பேரை விட எளிய இடத்தில் 60 பேர் என்றே நான் சொல்வேன். ஆனால் இதை இடம் பேசுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். 30 பேருக்கான அறையைப் பிடித்தபின் 60 ஆக்க முடியாது.

ஊரும் தேதியும்

வெள்ளி இரவுதான் ரெஸ்டாரண்டுகளுக்கு நல்ல வியாபாரம். தனி அறையைக் கொடுத்தால் அந்த வருமானம் போகும் என்று கணக்குப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். நாலு முதல் ஆறு மாதம் முன்னாலேயே தேட ஆரம்பியுங்கள். கல்யாண ஊர் பல்கலைக்கழக ஊரா என்றும் பாருங்கள். மே மாதப் பட்டமளிப்பு வார இறுதிகளிலும், இலையுதிர் காலத்தில் சொந்த மைதானத்தில் ஃபுட்பால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளிலும் ஆன் ஆர்பர் போன்ற ஊர்களில் ஹோட்டல் அறையும் கிடைக்காது, சாப்பாட்டு மேஜையும் கிடைக்காது. வெர்மாண்ட் பக்கம் அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் வரும்.

தூரத்துக்கு நான் வைத்த கணக்கு: ஒத்திகை நடக்கும் இடம், உறவினர் தங்கும் ஹோட்டல், விருந்து இடம், இந்த மூன்றுக்கும் நடுவே எந்தப் பக்கம் போனாலும் வண்டியில் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டுக் கல்யாணம் பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுண்டியில். எங்களுக்குத் தெரிந்த நல்ல இந்தியச் சாப்பாடெல்லாம் நியூஜெர்சியின் எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில். அங்கேயே வைத்துவிடலாம் என்றுதான் என் கணவர் முதலில் சொன்னார். வெள்ளி மாலை நெரிசலில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒத்திகை முடிந்து பசியோடு இருக்கும் 40 பேரை, அதில் பாதிப் பேர் ஊருக்குப் புதியவர்கள், அவ்வளவு தூரம் ஓட்ட வைப்பது நியாயமாகப் படவில்லை. விட்டுவிட்டோம்.

என்ன மாதிரி இடம்?

முதல் முறை நடத்துபவர்களுக்கு நான் சொல்வது, கதவு மூடக்கூடிய தனி அறை உள்ள ரெஸ்டாரண்ட். சமையல், பரிமாறல், பாத்திரம், குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. "செமி பிரைவேட்" என்று சொன்னால் நேரில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது ஒரு திரைச்சீலைதான். தங்கும் ஹோட்டலிலேயே ஒரு கூடம் கிடைத்தால், முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அதைவிட வசதி இல்லை. அறை கொஞ்சம் அலுவலகக் கூட்டம் நடக்கும் இடம் போல இருக்கும், பரவாயில்லை.

பக்கத்தில் நல்ல இந்திய ரெஸ்டாரண்ட் இருந்தால் தாராளமாக வையுங்கள். ஆனால் மறுநாள் கல்யாணச் சாப்பாடும் இந்தியச் சாப்பாடுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் நாள் இத்தாலியச் சாப்பாடோ மெக்சிகன் சாப்பாடோ எல்லோருக்கும் மாறுதலாக இருக்கும். மெஹந்தி, சங்கீத் இரண்டையும் இதே இரவில் சேர்த்து இருநூறு பேரைக் கூப்பிடும் குடும்பங்களும் உண்டு. அது பெரிய கொண்டாட்டம், மகிழ்ச்சிதான். ஆனால் இரு குடும்பம் பழகும் விருந்தின் வேலையை அது செய்யாது. முடிந்தால் அதை வியாழக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் வைக்க எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. மேஜை நாற்காலி வாடகை, மழை வந்தால் கூடாரம், 40 பேருக்கு ஒரே கழிவறை என்று எழுதிப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. எல்லாவற்றையும்விட, மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன் என்பது உறைத்தது. வேறு யாராவது சமைத்துப் பரிமாறி எடுத்து வைப்பதாக இருந்தால் மட்டும் வீட்டில் வையுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

நாலைந்து இடங்களுக்குப் போன் செய்து, "பிரைவேட் டைனிங் பற்றிப் பேச வேண்டும்" என்று சொன்னால் அதற்கான ஆளிடம் கொடுப்பார்கள். தேதியும் ஆள் கணக்கும் சொன்னதும், "ஃபுட் அண்ட் பெவரேஜ் மினிமம் இவ்வளவு" என்பார்கள். அதாவது சாப்பாடும் பானமும் சேர்த்து நாம் குறைந்தது அவ்வளவுக்காவது வாங்க வேண்டும். குறைந்தால் மீதியை அறை வாடகையாகப் போட்டுவிடுவார்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அந்தத் தொகையில் வரியும் சர்வீஸ் சார்ஜும் பெரும்பாலும் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு 2,500 டாலர். சர்வீஸ் சார்ஜ் 20 சதவீதம், அது 500. விற்பனை வரி 6 சதவீதம், அது 150. ஆக 3,150 டாலர். வரி ஊருக்கு ஊர் மாறும். நியூஜெர்சியில் 6.625 சதவீதம், நியூயார்க் நகரத்தில் 8.875, ஆரிகனில் மாநில விற்பனை வரியே கிடையாது. சர்வீஸ் சார்ஜுக்கும் வரி போடும் மாநிலங்கள் உண்டு. அதனால், "எல்லாம் சேர்த்துக் கடைசி பில் எவ்வளவு வரும், எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அந்த சர்வீஸ் சார்ஜ் பரிமாறுபவர்களுக்குப் போகிறதா, அவர்களுக்குத் தனியாக டிப்ஸ் தர வேண்டுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் அது அவர்கள் கைக்குப் போவதில்லை. இரவு முழுக்க நமக்காக நிற்கிறவர்கள், அவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது.

கூடவே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அறை நம்முடையது, முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் அது திரும்ப வருமா, கடைசி ஆள் கணக்கை எப்போது சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதே கிழமை, அதே நேரம் போய்ப் பாருங்கள்

நாங்கள் முதலில் பிடித்த இடத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தோம். பழைய கல் கட்டடம், பெரிய ஜன்னல், அவ்வளவு அமைதி. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளி இரவு அந்தப் பக்கம் போனபோது சும்மா எட்டிப் பார்த்தோம். நாங்கள் சுவர் என்று நினைத்தது மடக்கித் திறக்கும் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் டிரம்ஸோடு பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. வெள்ளிதோறும் உண்டாம். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

அதன் பிறகு பார்த்த இடங்களுக்கு வெள்ளி இரவு ஏழு மணிக்கே போனோம், சாப்பிட்டும் பார்த்தோம். கதவை மூடிக்கொண்டு ஒருவர் அறையின் அந்தக் கோடியில் நின்று சாதாரணக் குரலில் பேச, மற்றவர் இந்தக் கோடியில் உட்கார்ந்து கேட்டோம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மேலே ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை இந்த அறைக்கு மட்டும் நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள். தரை, சுவர், கூரை எல்லாம் மரமும் கல்லுமாக இருந்தால் 40 பேர் பேசும்போது சத்தம் எதிரொலித்துக் கூடும். கம்பளமும் திரையும் உள்ள அறை மங்கலாகத் தெரிந்தாலும் பேச்சுக்கு நல்லது.

வாசலில் எத்தனை படி, கழிவறை அதே தளத்திலா, சக்கர நாற்காலி மேஜைக்கு அருகே போகுமா என்பதையும் அப்போதே பாருங்கள். என் மாமியாருக்கு 80 வயதுக்கு மேல். பழைய கட்டடங்களில் கழிவறை அடித்தளத்தில் இருந்ததால் மட்டும் இரண்டு இடங்களை விட்டோம். ஏசி காற்று நேராக விழும் நாற்காலி எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பெரியவர்களை அங்கே உட்கார வைக்காமல் இருக்கலாம்.

ஒரே நீள மேஜை படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் அதில் பக்கத்தில் இருப்பவரோடும் எதிரே இருப்பவரோடும்தான் பேச முடியும். எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜைகள் இருந்தால் ஒரு மேஜையே ஒரு சின்னக் குடும்பம் ஆகிவிடும்.

சாப்பாடு

"வெஜிடேரியன் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பதில் போதாது. பெயர் சொல்லிக் கேளுங்கள். காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த சாறு சேர்க்கிறார்களா? சீசர் சாலட் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். மெக்சிகன் கடையில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு. தாய்லாந்துச் சாப்பாட்டில் மீன் சாஸ். அசல் பார்மேசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. சில இனிப்புகளில் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை. உருளைக்கிழங்கு வறுக்கும் எண்ணெயிலேயே கோழியும் பொரிக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். நாங்கள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சமையல்காரரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, எது ஆகும், எது ஆகாது என்று குறித்துக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் அங்கே வேண்டாம்.

அதே அக்கறை அந்தப் பக்கத்துக்கும் வேண்டும். சம்பந்தி வீட்டில் யாருக்காவது முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா, காரம் ஆகாதவர்கள் யார் என்று கேளுங்கள்.

பரிமாறும் முறையில் எனக்குப் பிடித்தது, பெரிய தட்டுகளில் மேஜைக்கு மேஜை வைத்து, ஆளுக்கு ஆள் கை மாற்றிக்கொள்வது. "இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லும்போதே பேச்சு தொடங்கிவிடுகிறது. என் மாமியாருக்குப் பக்கத்தில் மருமகளின் தாத்தா. கத்தரிக்காய்த் தட்டு கை மாறியபோது அவர் தன் தோட்டத்துக் கத்தரிச் செடியைப் பற்றி ஏதோ சொல்ல, இவர் நம் ஊரில் சாம்பல் தூவுவதைக் கையால் செய்து காட்டினார். நடுவில் என் மகள் மொழிபெயர்த்தாள். சுத்த சைவக்காரர்களுக்கு மட்டும் தனித் தட்டு, தனிக் கரண்டியோடு ஒரு மேஜை வைத்தோம். வெறும் சாதமும் இனிப்பில்லாத தயிரும் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்து நாலு நாளான வயிறுகளுக்கு அதைவிடப் பெரிய உபசாரம் இல்லை.

வீட்டில் செய்த மைசூர்பாகு, முறுக்கு கொண்டு போக வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். பையில் கட்டி, வீட்டுக்குப் போகும்போது தாம்பூலம் போலக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

மது விஷயம்

நம் குடும்பங்களில் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். பேசித்தான் ஆக வேண்டும். விருந்து நடத்துபவர் மது வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வைக்கவில்லை என்றால் சம்பந்தி வீட்டாரிடம் முன்னதாகவே அன்போடு சொல்லிவிடுங்கள். வைப்பதென்றால் ஒயினும் பீரும் மட்டும் என்று வரம்பு போடலாம். வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்தும்போது குடிக்காதவர்கள் கையிலும் ஏதாவது இருக்கட்டும், நுரை வரும் ஆப்பிள் சாறு நன்றாக இருக்கும். நியூஜெர்சியில் மது உரிமம் இல்லாத ரெஸ்டாரண்டுகள் ஏராளம். அங்கே நாமே ஒயின் வாங்கிக்கொண்டு போகலாம், செலவும் நன்றாகக் குறையும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஊற்ற மாட்டார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த இளைஞர்களைப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எழுதி வாங்குவதும் அந்த நாளும்

பேசிய எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அறையின் பெயர், நேரம், மெனு, மொத்தத் தொகை, பக்கத்து அறையில் அன்று வேறு நிகழ்ச்சி உண்டா என்பது உட்பட. குழந்தைக் காலப் படங்களைத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் திரையும் மைக்கும் அவர்களுடையதா, அதற்குத் தனிக் காசா என்று பாருங்கள். ஒரு வாரம் முன்னால் போன் செய்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்து நடத்தும் மாப்பிள்ளையின் அப்பாதான் வழக்கமாக முதலில் எழுந்து பேசுவார். மூன்று நிமிடம் போதும். என் கணவர் கடைசி இரண்டு வரியைத் தமிழில் சொல்லிவிட்டு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார், எங்கள் பக்கப் பெரியவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது.

உட்காரும் இடத்துக்குப் பெயர் அட்டை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாம் எல்லோரும் ஒரு பக்கமும் அவர்கள் எல்லோரும் ஒரு பக்கமுமாக உட்கார்ந்துவிடுவோம். ஒவ்வொரு மேஜையிலும் இரு மொழியும் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். விருந்து தொடங்கும் முன்பே மேனேஜரிடம் கார்டைக் கொடுத்து, பில்லை மேஜைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகவரியை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வண்டி ஓட்டாதவர்களை யார் அழைத்து வருவார், யார் கொண்டுபோய் விடுவார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். ஒன்பது மணிக்கு வண்டிகளை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கே பெண்ணுக்குத் தலை அலங்காரம் தொடங்கிவிடும்.